'கிட்'டில் எந்தக் கட்டளை எதைத் தொடும்?

கேள்வி:

சிறிய மென்பொருள் குழு ஒன்றுக்கு நான் பொறுப்பு. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி போன வாரம் ஒருநாள் காலையிலிருந்து மாலை வரை 'ரிப்போர்ட்ஸ்' என்ற ஃபோல்டரில் நான்கு ஃபைல்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். மாலையில் பக்கத்து மேசைக்காரர், "ரிப்போர்ட்ஸ்னு ஒரு கிளை போட்டு ஏத்திட்டேன்மா, அதுக்கு மாறிக்கோ" என்றார். அவளும் 'கிட் செக்அவுட் ரிப்போர்ட்ஸ்' என்று தட்டினாள். கிளை மாறவில்லை. அன்றைக்குச் செய்த திருத்தம் அத்தனையும் போய்விட்டது. "நிச்சயமாகவா?" என்று ஒரு கேள்விகூட வரவில்லை. "நடுவுல ரெண்டு கோடு போட்டிருக்கணும்" என்கிறார்கள் எங்கள் மூத்தவர்கள்.

என் கேள்விகள் மூன்று. போனதை மீட்க வழி உண்டா? 'ஸ்விட்ச்', 'ரீஸ்டோர்' என்று தெளிவான கட்டளைகள் வந்துவிட்டன என்கிறார்களே, குழு முழுவதையும் அவற்றுக்கு மாற்றலாமா? "பதினைந்து வருஷமா செக்அவுட்தான் போடுறோம், ஒண்ணும் ஆகல" என்கிற மூத்தவர்களிடம் என்ன சொல்வது?

– ஒரு வாசகி

பதில்:

முதலில் அந்தப் பெண்ணின் ஃபைல்களைப் பார்ப்போம். அதை இன்றே செய்ய வேண்டும், மற்றவை காத்திருக்கலாம்.

கிட்டுக்குள் தேட வேண்டாம். 'கிட் ஆட்' செய்யாத திருத்தத்தின் நகல் கிட்டிடம் எந்த நேரத்திலும் இருந்ததில்லை, இல்லாததை அது திருப்பித் தர முடியாது. எடிட்டரில் தேடுங்கள். விஎஸ் கோட் என்றால் 2022இலிருந்தே அது ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஃபைலின் ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அந்த ஃபைலைத் திறந்து, இடப்பக்கப் பட்டியலின் அடியில் உள்ள 'டைம்லைன்' பகுதியை விரித்தால் நேரவாரியாக நகல்கள் தெரியும். இன்டெலிஜே, பைசார்ம் போன்ற ஜெட்பிரெய்ன்ஸ் எடிட்டர்களில் இதற்கு 'லோக்கல் ஹிஸ்டரி' என்று பெயர். ஃபோல்டர் மேலேயே வலது சொடுக்கு போட்டுப் பார்க்கலாம். ஆனால் அவை வழக்கமாக ஐந்து வேலைநாள் வரையிலான நகல்களையே வைத்திருக்கும். சம்பவம் போன வாரம் நடந்தது என்கிறீர்கள், அதனால் இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு முதலில் அதைப் பாருங்கள். இரண்டிலும் இல்லையென்றால், அன்றைக்குத் திறந்த எடிட்டரை அவள் இன்னும் மூடாமல் வைத்திருந்தால், 'அன்டூ' சில சமயம் கைகொடுக்கும்.

அன்றைக்கு நடுவில் ஒருமுறை 'கிட் ஆட்' செய்திருந்தாலும் இந்த இழப்பு பாதியாகக் குறைந்திருக்கும். ஏன் என்பது கீழே சொல்லப்போவதிலிருந்து விளங்கும். (கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

உங்கள் ஃபைல் கிட்டின் கண்ணில் மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்று, கமிட்களில் பதிவாகிவிட்ட வரலாறு. இரண்டு, அடுத்த கமிட்டுக்காக எடுத்துவைத்த நிலை. இதைத்தான் ஸ்டேஜிங், இன்டெக்ஸ் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள், இரண்டும் ஒன்றே. மூன்று, டிஸ்கில் உங்கள் கண்முன் திறந்திருக்கும் ஃபோல்டர். முதல் இரண்டும் கிட்டின் பாதுகாப்பில் இருப்பவை. மூன்றாவதை அது எட்டிப்பார்க்கும், ஒப்பிடும், ஆனால் நீங்கள் சொல்லாமல் நகல் எடுத்துவைக்காது. எந்தக் கட்டளையையும் தட்டும் முன், இந்த மூன்றில் அது எதைத் தொடும் என்று கேட்கிற பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால் போதும். நான் சொல்லவிருப்பது எல்லாமே அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

இப்போது 'கிட் செக்அவுட் ரிப்போர்ட்ஸ்'. இதைப் பார்த்ததும் கிட் முதலில், ரிப்போர்ட்ஸ் என்ற பெயரில் உள்ளூரில் கிளையோ டேகோ கமிட்டோ இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அங்கே மாறிவிடும். அதே பெயரில் ஃபோல்டர் இருந்தாலும் பொருட்படுத்தாது. கிளை என்று எதுவும் இல்லை, ஃபைலோ ஃபோல்டரோ இருக்கிறது என்றால், "இந்த ஃபோல்டரை ஸ்டேஜிங்கில் உள்ளபடி திரும்ப எழுதச் சொல்கிறார்கள்" என்று எடுத்துக்கொண்டு எழுதிவிடும். உங்கள் அலுவலகத்தில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். பக்கத்து மேசைக்காரர் கிளையை சர்வருக்கு ஏற்றிவிட்டார். ஆனால் அந்தப் பெண் அதன்பிறகு 'கிட் ஃபெட்ச்' செய்யவில்லை. அவளுடைய கணினிக்கு அப்படி ஒரு கிளை இருப்பதே தெரியாது. ஃபோல்டர் மட்டும் தெரியும். நான்கு ஃபைல்களையும் ஸ்டேஜிங்கிலிருந்து எடுத்து மேலே எழுதிவிட்டு, "இன்டெக்ஸிலிருந்து நான்கு பாதைகள் புதுப்பிக்கப்பட்டன" என்ற பொருளில் ஒரே ஒரு வரியைத் திரையில் காட்டியிருக்கும். வேலை முடிந்த செய்தி போலத்தான் அது தோன்றும். அழிந்துபோன செய்தி என்று புதியவர் யாருக்கும் படாது.

காலையில் ஒருமுறை ஸ்டேஜ் செய்திருந்தால், மேலே எழுதப்பட்டது அந்தக் காலை நகலாக இருந்திருக்கும். மதியத்துக்குப் பிறகான வேலை மட்டுமே போயிருக்கும். பலமுறை ஸ்டேஜ் செய்திருந்தால் இடைப்பட்ட நகல்களைக்கூட 'கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்' கொண்டு தோண்டி எடுக்கலாம். பெயரில்லாமல் குவியலாக வரும், பொறுமையாகப் பிரிக்க வேண்டும், ஆனாலும் கிடைக்கும்.

அவள் அன்று ஃபெட்ச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2019 பிப்ரவரியில் வந்த 2.21 பதிப்புக்குப் பிந்தைய கிட் என்றால், "இது ஃபைலாகவும் இருக்கலாம், சர்வர் கிளையாகவும் இருக்கலாம், எது வேண்டும்?" என்ற பொருளில் நின்றிருக்கும். அதற்கு முந்தைய கிட் என்றால் அப்போதும் ஃபோல்டரைத்தான் மேலெழுதியிருக்கும். ஆக ஒரே கட்டளை, அதே எழுத்துகள். கணினியில் என்ன கிளை இருக்கிறது, கடைசியாக எப்போது ஃபெட்ச் செய்தார்கள், எந்தப் பதிப்பு என்பதைப் பொறுத்து ஒருவருக்குக் கிளை மாறுகிறது, ஒருவருக்குப் பிழைச்செய்தி வருகிறது, ஒருவருக்கு ஒருநாள் உழைப்பு போகிறது. தட்டுகிறவரின் கண்ணுக்குத் தெரியாத விஷயங்களால் கட்டளையின் பொருள் மாறுகிறது என்றால், குற்றம் தட்டியவர் மீது இல்லை. அந்தப் பெண்ணிடம் இதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். புதிதாக வந்தவர்கள் இம்மாதிரி நாளுக்குப் பிறகு டெர்மினலைத் தொடவே பயப்படுவார்கள். அது குழுவுக்கு நல்லதல்ல.

"ரெண்டு கோடு போட்டிருக்கணும்" என்பதையும் பார்த்துவிடுவோம். இரட்டைக் கோட்டுக்குப் பின்னால் வருவது ஃபைல்பெயர் என்று பொருள். 'கிட் செக்அவுட் -- ரிப்போர்ட்ஸ்' என்று அவள் தட்டியிருந்தால், சந்தேகத்துக்கே இடமில்லாமல் அதே ஃபைல்கள் அழிந்திருக்கும்! அவளுக்கு வேண்டியது கிளை. அதற்குக் கோடு கடைசியில் வரவேண்டும்: 'கிட் செக்அவுட் ரிப்போர்ட்ஸ் --'. பெயருக்கு முன்னால் போட்டால் ஒரு பொருள், பின்னால் போட்டால் நேர் எதிரான பொருள். பதினைந்து வருடம் கிட்டில் புழங்கியவர்களில் எத்தனை பேர் கடைசியில் கோடு போட்டிருப்பார்கள்? ஒரு கருவியைப் பத்திரமாகப் பயன்படுத்த இவ்வளவு நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்றால், மாற வேண்டியது கருவிதான்.

அதை கிட்டை உருவாக்குகிறவர்களும் உணர்ந்தார்கள். லினக்ஸ் கெர்னல் குழு அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பர் மென்பொருளின் இலவச அனுமதி விலக்கப்பட்டதும், லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கினார். அவசரத் தேவைக்காகப் பிறந்த கருவி அது. சில மாதங்களிலேயே ஜூனியோ ஹமானோ பொறுப்பேற்று, இன்றுவரை பராமரித்துவருகிறார். வசதிகள் கூடக் கூட, அவை புதுப் பெயர் பெறாமல் இருக்கிற கட்டளைகளின் தோளிலேயே ஏறின. செக்அவுட்டின் தோளில் ஏறியது மிக அதிகம்: கிளை மாறுவது, புதுக் கிளை உருவாக்குவது, பழைய கமிட்டில் போய் நிற்பது, ஃபைலை ஸ்டேஜிங்கிலிருந்து மீட்பது, வேறொரு கமிட்டிலிருந்து மீட்பது, மெர்ஜ் சிக்கலில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது. எம்.ஐ.டி.யில் சாண்டியாகோ பெரஸ் டி ரோஸோ, டேனியல் ஜாக்சன் இருவரும் 2013இலும் 2016இலும் வெளியிட்ட ஆய்வுகளில் கிட்டின் அடிப்படைக் கருத்துகளையே ஆராய்ந்து, 'கிட்லெஸ்' என்ற எளிய மாற்று வடிவத்தையும் செய்து காட்டினார்கள். அதில் ஸ்டேஜிங்கே கிடையாது. ஒவ்வொரு கிளைக்கும் கமிட் செய்யாத திருத்தங்கள் தனித்தனியாக நின்றுகொள்ளும். பரவலாக அது புழக்கத்துக்கு வரவில்லை என்றாலும், மக்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை அந்த ஆய்வுகள் பெயர்சொல்லிக் காட்டின.

2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பில்தான் செக்அவுட்டின் வேலை இரண்டாகப் பிரிந்தது. நுயென் தாய் ஙொக் டுய் என்ற நிரலாளர் எழுதிய 'கிட் ஸ்விட்ச்' கிளைகளை மட்டும் பார்த்துக்கொள்ளும். 'கிட் ரீஸ்டோர்' ஃபைல்களை மட்டும் பார்த்துக்கொள்ளும். நீண்ட நாள் இரண்டின் கையேட்டிலும் "இது சோதனை நிலையில் உள்ளது, மாறலாம்" என்ற எச்சரிக்கை நின்றது. மாறத் தயங்கியவர்கள் அதைச் சுட்டிக்காட்டினார்கள், அதில் நியாயமும் இருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த 2.51 பதிப்பில் அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டுவிட்டது. அந்தத் தயக்கத்துக்கு இப்போது காரணம் இல்லை.

மாறலாமா என்று கேட்டீர்கள். ஸ்விட்ச் விஷயத்தில் தயங்காமல் மாறுங்கள். அந்தப் பெண் 'கிட் ஸ்விட்ச் ரிப்போர்ட்ஸ்' என்று தட்டியிருந்தால், அப்படி ஒரு கிளை இல்லை என்று பிழைச்செய்தி வந்திருக்கும். "ஃபெட்ச் பண்ணிட்டு மாறு" என்று பக்கத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள், வேலை முடிந்திருக்கும். அந்தக் கட்டளைக்கு ஃபைல்பெயர் என்ற ஒன்றே தெரியாது. எழுத்துப்பிழை செய்தாலும், ஃபோல்டர் பெயரும் கிளைப் பெயரும் ஒன்றாக இருந்தாலும் ஃபைலைத் தொட அதற்கு வழியில்லை. உங்கள் கமிட் செய்யாத திருத்தம் கிளை மாற்றத்தில் அழிந்துபோகும் நிலை வந்தால் மாற மறுக்கும். அழிந்தாலும் பரவாயில்லை என்றால் '--டிஸ்கார்டு-சேஞ்சஸ்' என்று முழுதாகத் தட்ட வேண்டும். இதற்கு '-எஃப்' என்ற சுருக்கமும் உண்டு, அதைப் புதியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். நீளமாகத் தட்டும்போது கை ஒரு கணம் நிற்கும், அந்த ஒரு கணம் வேண்டும்.

இன்னொரு பாதுகாப்பும் அதில் உண்டு. பழைய பதிப்பு எப்படி இருந்தது என்று பார்க்க 'கிட் செக்அவுட்' போட்டு ஒரு டேகின் பெயரைக் கொடுத்தால், கிட் எந்தக் கிளையிலும் சேராத நிலைக்குப் போய்விடும். பிரிந்த ஹெட் என்கிறார்களே, அதுதான். நீண்ட அறிவிப்பு ஒன்று திரையில் வரும், யாரும் படிப்பதில்லை. அங்கேயே இரண்டு கமிட் போட்டுவிட்டு மறுநாள் வேறு கிளைக்குப் போனால் அந்தக் கமிட்கள் பார்வைக்கு மறைந்துவிடும். ஸ்விட்ச் இங்கே "கிளையை எதிர்பார்த்தேன், நீங்கள் டேகைத் தருகிறீர்கள்" என்று நின்றுவிடும். வேண்டுமென்றே போவதாக இருந்தால் '--டிடாச்' சேர்க்கச் சொல்லும். ஏற்கெனவே அப்படித் தொலைத்த கமிட் யாருக்காவது இருந்தால் 'கிட் ரீஃப்லாக்' பாருங்கள். ஹெட் போய்வந்த இடமெல்லாம் அதில் இருக்கும். எந்தக் கிளையிலிருந்தும் எட்ட முடியாத கமிட்களின் தடத்தை அது வழக்கமாக 30 நாள் வைத்திருக்கும்.

புதுக் கிளை உருவாக்க 'கிட் ஸ்விட்ச் -சி', முன்பு இருந்த கிளைக்குத் திரும்ப 'கிட் ஸ்விட்ச்' போட்டு ஒரு கோடு. இவ்வளவுதான் கற்க வேண்டியது. ஒரு மதியம் போதும்.

ரீஸ்டோருக்கு வருவோம். இங்கேதான் நான் உங்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பெயரைக் கேட்டதும் மனதில் தோன்றும் நம்பிக்கை ஆபத்தானது. 'கிட் ரீஸ்டோர்' போட்டு ஃபைல்பெயரைக் கொடுத்தால் அது செய்வது என்ன? ஸ்டேஜிங்கில் உள்ளதை எடுத்து, டிஸ்கில் நீங்கள் திருத்திய ஃபைலின் மேல் எழுதுகிறது. கேட்காது, நகலும் எடுத்துவைக்காது. அந்தப் பெண்ணுக்கு நடந்ததும் இதேதான். கட்டளை மாறிவிட்டதால் இந்தச் செயல் பாதுகாப்பானதாக ஆகிவிடவில்லை. தெரியாமல் நடப்பது மட்டும் நின்றிருக்கிறது. 'கிட் ரீஸ்டோர்' போட்டு ஒரு புள்ளி வைத்தால், அந்த ஃபோல்டரிலும் அதன் உள்ளேயும் ஸ்டேஜ் செய்யாத திருத்தம் அத்தனையும் போகும். ('கிட் ரீஸ்டோர்' என்று மட்டும் தட்டினால் பாதை கேட்டு நின்றுவிடும்.)

மெர்குரியலில் 'ரிவர்ட்' போட்டால் நீங்கள் திருத்திய ஃபைலை '.ஆரிக்' என்ற பின்னொட்டோடு பக்கத்திலேயே வைத்துவிட்டுத்தான் பழையதை மீட்கும். கிட்டிலேயே 'கிட் கிளீன்' என்ற கட்டளை, அழிக்கச் சொல்லி வற்புறுத்தும் குறி இல்லாமல் எதையும் அழிக்காது. ரீஸ்டோரிலும் இப்படி ஒரு தடுப்பு இருந்திருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். அது வரும் வரை, உங்கள் குழுவின் பழக்கம்தான் தடுப்பு. எதையாவது தூக்கிப்போட நினைத்தால் முதலில் 'கிட் டிஃப்' போட்டு என்ன போகப்போகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். துளி சந்தேகம் இருந்தாலும் 'கிட் ஸ்டாஷ் புஷ்' செய்துவிட வேண்டும். ஸ்டாஷில் போட்டது கிட்டின் பாதுகாப்புக்குள் வந்துவிடும், ஒரு மாதம் கழித்து வேண்டாம் என்று தெரிந்தால் அழித்துக்கொள்ளலாம். முழுதும் வேண்டாம், சில வரிகள் மட்டும் வேண்டாம் என்றால் 'கிட் ரீஸ்டோர் -பி'. ஒவ்வொரு பகுதியாகக் காட்டி "தள்ளிவிடவா?" என்று கேட்கும். புதியவர்களுக்கு நான் முதலில் கற்றுத்தரும் வடிவம் இந்த '-பி'தான்.

ரீஸ்டோரின் உண்மையான வெற்றி வேறோர் இடத்தில் இருக்கிறது. தவறுதலாக ஸ்டேஜ் செய்ததை எடுக்க, ஆனால் திருத்தத்தை அப்படியே வைத்துக்கொள்ள, முன்பு 'கிட் ரீசெட் ஹெட்' போட்டு ஃபைல்பெயரைத் தர வேண்டியிருந்தது. அதே ரீசெட்டில் '--ஹார்டு' சேர்த்தால் எல்லாம் அழியும் என்பதால், கை நடுங்கியே தட்டுவார்கள். 'புரோ கிட்' நூலில்கூட இதற்கு 'அன்ஸ்டேஜ்' என்று நீங்களாக ஒரு மாற்றுப்பெயர் வைத்துக்கொள்ளும் வழியைத்தான் காட்டியிருக்கிறார்கள். இப்போது 'கிட் ரீஸ்டோர் --ஸ்டேஜ்டு'. இது ஸ்டேஜிங்கை மட்டும் தொடும், டிஸ்கில் உள்ள ஃபைலைத் தொடாது. '--வொர்க்ட்ரீ' என்றால் டிஸ்க். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டும். எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதை '--சோர்ஸ்' சொல்கிறது. நான் மேலே சொன்ன கேள்விக்கான பதிலைக் கட்டளையே எழுதிக் காட்டுகிறது: எங்கிருந்து, எங்கே.

பழையதையும் புதியதையும் மாற்றி எழுதும்போது ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். முன்பு ஒரு கமிட்டின் எண்ணைக் கொடுத்து ஒரு ஃபைலை செக்அவுட் செய்தால், அது டிஸ்கிலும் ஸ்டேஜிங்கிலும் சேர்ந்தே எழுதும். அடுத்த கமிட்டில் தானாக ஏறிவிடும். 'கிட் ரீஸ்டோர் --சோர்ஸ்' அப்படி இல்லை, டிஸ்கில் மட்டும் எழுதும். எனக்கு இதுவே பிடிக்கிறது. பழைய வடிவத்தை எடுத்துப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, சரி என்றால் ஸ்டேஜ் செய்யலாம். ஒரு முழு ஃபோல்டரை மீட்கும்போது இன்னொன்றும் உண்டு. அந்தப் பழைய கமிட்டில் இல்லாமல், பின்னர் சேர்ந்த ஃபைல்களை செக்அவுட் விட்டுவைக்கும், ரீஸ்டோர் நீக்கிவிடும். ஃபோல்டரை அப்போது இருந்தபடியே கொண்டுவருவது என்று பார்த்தால் அதுதான் சரி. தெரியாமல் செய்தால் அதிர்ச்சியாக இருக்கும், குழுவுக்குச் சொல்லிவையுங்கள்.

ரீஸ்டோர், ரீசெட், ரிவர்ட். மூன்றும் ஒன்றுபோல ஒலிப்பதால் புதியவர்கள் குழம்புவார்கள். கிட்டின் கையேடே இவற்றைப் பிரித்துச் சொல்ல ஒரு தனிப் பகுதி வைத்திருக்கிறது. ரீஸ்டோர் ஃபைலைத் தொடும், கிளையை நகர்த்தாது. ரீசெட் கிளையின் முனையையே நகர்த்தும். ரிவர்ட் எதையும் அழிக்காது, பழைய கமிட் ஒன்றின் விளைவைத் திருப்பிப்போடும் புதுக் கமிட் ஒன்றைச் சேர்க்கும். சப்வெர்ஷனிலிருந்து வந்தவர்கள் உங்களிடம் இருந்தால் கூடுதல் கவனம் தேவை, அங்கே ரிவர்ட் என்றால் கமிட் செய்யாத திருத்தத்தைத் தூக்கிப்போடுவது. 'ரீசெட் --ஹார்டு' தேவைப்படும் பல இடங்களில் 'ரீசெட் --கீப்' போதும். கமிட் செய்யாத வேலைக்கு ஆபத்து வரும் என்றால் அது நின்றுவிடும். ஏனோ இதைப் பலர் அறியாமலே இருக்கிறார்கள்.

சர்வரோடு பேசும் கட்டளைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 'கிட் புல்' என்பது ஃபெட்சும் மெர்ஜும் ஒட்டிய கூட்டுக்கட்டளை. உங்கள் பக்கமும் சர்வர் பக்கமும் பிரிந்து போயிருந்தால் எப்படிச் சேர்ப்பது என்று சொல்லாதவரை, 2021 முதல் அது மறுக்கிறது. 'புல் --எஃப்எஃப்-ஒன்லி' என்பதைக் குழுவின் வழக்கமாக வைத்துவிட்டால், முன்னோக்கி நகர மட்டுமே செய்யும். பிரிவு இருந்தால் நின்று சொல்லும், நீங்கள் யோசித்து முடிவெடுக்கலாம். 'புஷ் --ஃபோர்ஸ்' என்பதைக் குழுவின் அகராதியிலிருந்தே எடுத்துவிடுங்கள். 2013 முதலே '--ஃபோர்ஸ்-வித்-லீஸ்' இருக்கிறது. நீங்கள் கடைசியாகப் பார்த்த பிறகு வேறு யாரும் சர்வரில் எதையும் ஏற்றவில்லை என்றால் மட்டுமே அது எழுதும். எடிட்டர் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்துகொண்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு நழுவும். அதை அடைக்க 2.30 பதிப்பில் வந்த '--ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ்' என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

கடைசியாக, உங்கள் மூத்தவர்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. செக்அவுட் எங்கும் போகவில்லை, அதை எடுத்துவிடும் அறிவிப்பு எதுவும் இல்லை. பழக்கப்பட்ட கையை மாற்றச் சொன்னால் வேகம் குறையும், எரிச்சல் வரும். அவர்களுடைய டெர்மினலில் அவர்கள் விருப்பம்போலத் தட்டட்டும். ஆனால் மூன்று இடங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். புதியவர்களுக்குச் சொல்லித்தரும்போது, குழுவின் கையேட்டில் எழுதும்போது, சாட்டில் "இதைத் தட்டு" என்று அனுப்பும்போது ஸ்விட்சும் ரீஸ்டோரும்தான் இருக்க வேண்டும். மற்றவர் டெர்மினலில் என்ன கிளை இருக்கிறது, என்ன திருத்தம் பாதியில் நிற்கிறது என்பது அனுப்புகிறவருக்குத் தெரியாது. 'கிட் ஸ்டேட்டஸ்' காட்டும் குறிப்புகளும் 2.23 முதல் ரீஸ்டோரைத்தான் சொல்கின்றன. கையேட்டில் ஒன்றும் திரையில் ஒன்றும் இருந்தால் புதியவர் எதை நம்புவார்? சிலர் செக்அவுட்டை மாற்றுப்பெயர் வைத்தே மறித்துவிடலாம் என்று யோசனை சொல்வார்கள். கிட் தன் சொந்தக் கட்டளைகளின் மேல் மாற்றுப்பெயர் வைக்க விடாது, அந்த முயற்சி வீண்.

தானியங்கி ஸ்கிரிப்ட்களை உடனே தொட வேண்டாம். ஏதாவது ஒரு பழைய சர்வரில் 'கிட் --வெர்ஷன்' போட்டுப் பாருங்கள். சென்ட்ஓஎஸ் 7இல் வந்தது 1.8.3, உபுண்டு 18.04இல் 2.17. இரண்டிலும் ஸ்விட்ச் கிடையாது, ஸ்கிரிப்ட் அங்கே போனதும் நின்றுவிடும். அப்படிப்பட்ட இயந்திரம் இருக்கும் வரை ஸ்கிரிப்ட்களில் செக்அவுட்டே இருக்கட்டும். கிளைக்குப் போகும் வரிகளில் பெயருக்குப் பின்னால், ஃபைலை மீட்கும் வரிகளில் பெயருக்கு முன்னால், மறக்காமல் இரட்டைக் கோடு போட்டுவிடுங்கள். அந்த இயந்திரங்களைப் புதுப்பிக்கும் வேலையை யாரிடம் தருவது என்று இந்த வாரமே பேசி முடிவு செய்யுங்கள். சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூனோடு முடிந்துவிட்டது. கிட்டுக்காக இல்லாவிட்டாலும் அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.